செயின் ரம்பத்துக்கு அரம் போடுவது: கோணம் தவறாமல் இருக்க எந்தக் கருவி, எப்படிப் பிடிப்பது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் பாதி மரம் படுத்துக் கிடந்தது. அறுத்து அகற்ற ஆள் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க அதே நிலைமைதான். 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) போட்ட பெட்ரோல் மிஷின் ஒன்றை வாங்கி நானே அறுக்க ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு நாள் வாழைத்தண்டை அறுப்பதுபோல இறங்கியது. மூன்றாம் நாள் மரம் புகைந்தது. சீவலாக விழுந்துகொண்டிருந்தது மாவுபோலத் தூளாக விழுந்தது. நான் மிஷினை இன்னும் அழுத்தினேன். தென்னை மரத்தில் வெளிப்பக்கம்தான் வைரம். அந்த நாரிலேயே சிலிக்கா துகள் இருக்கிறது. மரமோ மணலில் கிடக்கிறது. அறுத்து முடிக்கும்போது ஒரே ஒரு தடவை செயின் மணலைத் தொட்டாலும் கூர் போய்விடும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஊரில் ஒரு கடையில் சாணை பிடிக்கக் கொடுத்தேன். சாயங்காலம் வாங்கியபோது பற்களின் நுனி நீலமாக இருந்தது. அது ஏதோ பூச்சு என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் செயின் அதற்கப்புறம் ஒரு மணி நேரம்கூடக் கூர் தாங்கவில்லை. வாள்பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெந்துபோச்சு. இனிமே யார்கிட்டயும் குடுக்காதீங்க, நீங்களே அரம் போடக் கத்துக்கங்க" என்றார். ஒரு மத்தியானம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதோடு, பிறகு நான் பழகித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முதன்முதலாகச் செயின் ரம்பம் வாங்கியவர்களுக்கு இது.

முதலில் பல்லைப் பாருங்கள்

அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு பல்லை வெயிலில் நன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டும் பல்லிலும் இரண்டு பகுதி. பின்னால் இருப்பது வெட்டுகிற பகுதி. அது மேலே ஒரு தகடும் பக்கவாட்டில் ஒரு தகடுமாக மடங்கியிருக்கும். பக்கத் தகடு கத்திபோல நாரை அறுக்கும். மேல்தகடு உளிபோல அதைச் சீவி எடுக்கும். முன்னால் மொட்டுபோல நிற்பது டெப்த் கேஜ். சிலர் ரேக்கர் என்பார்கள். அது வெட்டுவதில்லை, பல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று தடுத்து நிறுத்துகிறது. தச்சரின் இழைப்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கட்டைக்கு வெளியே அலகு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த அளவுதான் சீவும். இங்கே டெப்த் கேஜுக்கும் பல்லின் நுனிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அந்த நீட்டல். பெரும்பாலான செயின்களில் அது 0.65 மில்லிமீட்டர் அளவுதான்.

பற்கள் இடது, வலது என்று மாறி மாறி வரும். இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ். அதற்கு முன் வந்த செயின்களில் கைரம்பம் மாதிரி நேர்ப் பற்கள் இருந்தன. அவற்றுக்கு அரம் போட்டுக் கட்டுப்படியாகாது. 1946இல் அவர் ஒரு மரக்கட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அதன் இரண்டு தாடையும் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சுரண்டின. நாரோட்டத்துக்கு நேராகவும் குறுக்காகவும் ஒரே வேகத்தில் போனது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் செய்த பல்தான் 1947 முதல் சந்தைக்கு வந்தது. இன்று நம் மிஷினில் ஓடுவதும் அடிப்படையில் அதே பல்தான். இரண்டு தாடையும் சமமாக இருந்ததால்தான் புழு நேராகப் போனது. நமக்கும் அதுவேதான் விதி.

வெயிலில் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல்லின் வெட்டு விளிம்பை நேராக உங்கள் கண்ணை நோக்கித் திருப்புங்கள். மழுங்கிய விளிம்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். மழுங்கி உருண்டுபோன அந்த இடம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கூரான விளிம்பு மின்னாது, ஏனென்றால் வெளிச்சம் பட அங்கே அகலமே இல்லை. பெரியவர் எனக்கு முதலில் காட்டியது இதைத்தான். விரலால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. கோடு மறைகிறவரை ராவ வேண்டும், மறைந்ததும் நிறுத்த வேண்டும்.

30 டிகிரி என்றால் எங்கிருந்து 30?

புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. நானும் இங்கேதான் தப்பு செய்தேன். பெரும்பாலான செயின்களுக்கு மேல்தகட்டின் கோணம் 30 டிகிரி என்று போட்டிருக்கும். பாரின் நீளத்திலிருந்து 30 என்று எடுத்துக்கொண்டால் அரம் பாரோடு ஏறக்குறையப் படுத்துவிடும், பல் ஈட்டிபோல ஆகிவிடும். இந்த 30 பாருக்குக் குறுக்கே போகிற கோட்டிலிருந்து கணக்கு. முதலில் அரத்தைப் பாருக்கு நேர் குறுக்காக வையுங்கள். அப்புறம் கைப்பிடியை மட்டும் என்ஜின் பக்கமாக 30 டிகிரி தள்ளுங்கள். இப்போது அரத்தின் நுனி பாரின் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். இடப் பல்லோ வலப் பல்லோ, எதற்கும் இதே சாய்வுதான்.

எல்லாச் செயினுக்கும் 30 இல்லை. ஓரிகன் கம்பெனியின் 3/8 அங்குலச் செயின்களில் சிலவற்றுக்கு 25. மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுப்பதற்கென்று வருகிற செயினுக்கு 10. கோணம் கூடினால் பச்சை மரத்தில், மென்மரத்தில் வேகமாக இறங்கும், ஆனால் முனை மெல்லிசாகி சீக்கிரம் மழுங்கும். குறைந்தால் வேகம் குறையும், கூர் நிற்கும். நன்றாகக் காய்ந்த சீமைக்கருவேலம், புளி மாதிரி மரமே நாள் முழுக்க அறுப்பவர்கள் 25க்கு இறக்குவதுண்டு. புதிதாகப் பழகுபவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். செயின் அட்டையில் என்ன எண் இருக்கிறதோ அதுதான். அட்டை இல்லையென்றால் பல்லின் மேல்தகட்டையே பாருங்கள். பல செயின்களில் பின்பக்க ஓரத்தில் ஒரு சாய்வுக் கோடு கொத்தியிருக்கும். கம்பெனி சொல்கிற கோணம் அந்தக் கோட்டின் சாய்வுதான். அதுவரை தேய்ந்தால் செயினின் ஆயுள் முடிந்தது என்பதற்கான அடையாளமும் அதுவே.

ஒன்றை உறுதியாகச் சொல்வேன். எல்லாப் பல்லும் 28இல் இருந்தால் மரம் நேராக அறுபடும். இடப்பக்கம் 30, வலப்பக்கம் 24 என்று இருந்தால் அறுப்பு வளையும். எண் ஒன்றிரண்டு தவறினால் பெரிய நஷ்டம் இல்லை, சமம் தவறினால்தான் வேலை கெடும். கீழே சொல்கிற கருவிகளை எல்லாம் அந்தச் சமத்துக்காகத்தான் வாங்குகிறோம்.

சரியான அரம் எது?

கோணத்துக்கு முன் தடிமன். செயினின் பிட்ச் தெரியாமல் அரம் வாங்கக் கூடாது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். அளக்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஸ்டில் (Stihl) கம்பெனியின் செயினில் டெப்த் கேஜ் பக்கத்தில் ஒரு எண் கொத்தியிருக்கும்: 2 என்றால் 0.325 அங்குலம், 3 என்றால் 3/8, 4 என்றால் 0.404, 6 என்றால் தாழ்வான பல் கொண்ட 3/8. ஓரிகன் செயினில் கீழே பாருக்குள் ஓடுகிற டிரைவ் லிங்கில் எண் இருக்கும்: 91 என்றால் தாழ்வான 3/8, 20, 21, 22 என்றால் 0.325, 72, 73, 75 என்றால் முழு 3/8.

தாழ்வான 3/8க்கு 4.0 மில்லிமீட்டர் அரம். வீட்டு உபயோகச் சின்ன மிஷின்களில் பெரும்பாலும் இந்தச் செயின்தான் வருகிறது. 0.325க்கு 4.8. நம் கடைகளில் அதிகம் விற்கிற 58 சிசி மிஷினில் பெரும்பாலும் இதுதான். முழு 3/8க்கு ஸ்டில் 5.2 கேட்கிறது, ஓரிகன் 5.5 கேட்கிறது. 0.404க்கு 5.5.

ஹார்டுவேர் கடையில் "உருட்டு அரம்" என்று மட்டும் கேட்டால் சாதாரண எலிவால் அரத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும். தள்ளத் தள்ளத் தடிமன் மாறினால் பல்லின் வளைவும் மாறும். செயின் ரம்ப அரம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே தடிமன். கேட்டு வாங்குங்கள். மூன்றாக வாங்கினால் நல்லது, ஒன்று சீக்கிரமே தேய்ந்துவிடும். மரக் கைப்பிடியும் சேர்த்து வாங்குங்கள். கைப்பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

கோணம் பிடித்துத் தரும் கருவிகள்

எளிமையானது, நான் எல்லோருக்கும் முதலில் வாங்கச் சொல்வது, அரம் பிடிக்கும் தகடு. ஒரு சாண் நீளத் தகடு, இரண்டு முனையிலும் அரத்தைக் கவ்வுகிற கிளிப். தகட்டின் மேல் சாய்வுக் கோடுகள் வரைந்திருக்கும், பக்கத்தில் 30 என்று எழுதியிருக்கும். அந்தக் கோடு செயினோடு இணையாக ஓடுகிற மாதிரி பிடித்தால் அரம் தானாக 30இல் நிற்கும். இதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. தகடு பல்லின் மேலும் டெப்த் கேஜின் மேலும் படிந்து உட்காருவதால் அரத்தின் உயரமும் பூட்டப்பட்டுவிடும். அரத்தின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே நிற்க வேண்டும், அதைத் தகடே பார்த்துக்கொள்ளும். வெறும் கையில் அரம் தாழ்ந்துபோனால் பல் கொக்கிபோலக் குழிந்துவிடும். முரட்டுத்தனமாகக் கடிக்கும், உடனே மழுங்கும். மேலே ஏறிப்போனால் விளிம்பு பின்னால் சாய்ந்து வழுக்கும், எவ்வளவு அழுத்தினாலும் மரத்தில் இறங்காது.

இதற்கு அடுத்தது உருளை வைத்த கைடு. ஹஸ்க்வர்னா மிஷின் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். சின்ன உலோகச் சட்டம், செயின்மேல் அப்படியே உட்காரும். அரம் இரண்டு உருளைகளின்மேல் ஓடும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு இது தகட்டைவிட எளிது. டெப்த் கேஜின் உயரம் பார்க்கிற அளவைத் தகடும் அதனோடே வரும். ஆனால் அது அந்தந்தப் பிட்சுக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஒரே தள்ளில் பல்லையும் டெப்த் கேஜையும் சேர்த்து ராவுகிற கருவியும் இருக்கிறது. உள்ளே இரண்டு உருட்டு அரம், நடுவில் ஒரு தட்டை அரம். விலை தகட்டைப்போலப் பல மடங்கு. தினமும் மிஷின் பிடிப்பவருக்கு அந்த விலை தகும், டெப்த் கேஜை மறந்துபோகிற பிரச்சினையே வராது. கல்லில் அடித்து முனை உடைந்த செயினுக்கு மட்டும் இது சரிப்படாது.

பாரிலேயே இறுக்கி மாட்டுகிற ஜிக் நான்காவது. கோண அளவுத் தட்டு, அரத்தை ஏந்துகிற சட்டம், ஒவ்வொரு பல்லும் ஒரே நீளத்தில் நிற்கத் தடுப்பு எல்லாம் அதில் உண்டு. மாட்டிச் சரிசெய்ய நேரம் பிடிக்கும், தோப்புக்குள் உட்கார்ந்து செய்ய முடியாது. மாதம் ஒருமுறை வீட்டில் வைத்து எல்லாப் பல்லையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவர இதைவிட நல்ல கருவி கிடையாது.

அப்புறம் கரண்டில் ஓடுபவை. கையில் பிடித்துச் சுழலவிடுகிற சின்னக் கல். மேசைமேல் பொருத்துகிற சாணை வட்டு. கல் தேயத் தேயச் சிறுத்துப்போகும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 4.8 கல் கொஞ்ச நாளில் 4.4 ஆகி, பல்லைக் கொக்கியாக்கிவிடும். மேசைச் சாணையில் கோணத்தைத் திருகி வைத்துவிடலாம், எல்லாப் பல்லும் சமமாக வரும், அது உண்மைதான். ஆனால் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலமாகும். நீலமான இடத்தில் இரும்பு பதம் இழந்துவிட்டது. என் முதல் செயின் அப்படித்தான் போனது. சாணையில் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். புதியவர்கள் இதை முதல் கருவியாக வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அரத்தில் கை பழகியவருக்குத்தான் சாணையில் எப்போது நிறுத்துவது என்று தெரியும்.

இவை எதுவும் உடனே கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா? வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அதன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறங்கள். இரண்டு மூலைமட்டங்களில் ஒல்லியாக நீளமாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் நேர்கோடு ஒன்று போடுங்கள், அதுதான் பார். மூலைமட்டத்தின் ஆகக் குட்டையான பக்கத்தை அந்தக் கோட்டில் ஒட்டி வைத்து, சாய்வான பக்கத்தை ஒட்டிக் கோடு இழுங்கள். மட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு அந்தப் பக்கமும் ஒன்று. இரண்டு கோடும் குறுக்குக் கோட்டிலிருந்து சரியாக 30 டிகிரி. பலகையைப் பாருக்கு அடியில் வைத்துவிட்டு, அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாக ஓட்டினால் போதும். உயரத்தை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வேலை

பெட்ரோல் மிஷினாக இருந்தால் ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். பேட்டரியாக இருந்தால் பேட்டரியை வெளியே எடுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். தோல் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். அரம் வழுக்கினால் விரல் போய் மோதுகிற இடம் அடுத்த பல்லின் முனைதான்.

செயினைத் துணியாலும் பிரஷாலும் நன்றாகத் துடையுங்கள். எண்ணெயும் தூளும் சேர்ந்த பசை அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டால் அது வழுக்க ஆரம்பிக்கும். அரத்துக்கு எண்ணெய் போடக் கூடாது.

அடுத்து, செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்குங்கள். தளர்ந்த செயினில் ஒவ்வொரு தள்ளுக்கும் பல் சாயும், கோணம் போய்விடும். பாரை வைஸில் பிடியுங்கள், முழங்கை உயரம் இருந்தால் வசதி. தோப்பில் வைஸ் எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். அடிக்கட்டையில் அடித்து இறக்குகிற சின்ன வைஸ் விற்கிறது. அதுவும் இல்லையென்றால், மழுங்கும் முன்பே ஒரு அடிக்கட்டையில் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு பாரின் அடிப்பக்கத்தை அந்த வெட்டுக்குள் சொருகினால் ஆடாமல் நிற்கும்.

எல்லாப் பல்லையும் ஒரு சுற்று பார்த்து, ஆகக் குட்டையான, ஆக மோசமான பல்லைக் கண்டுபிடியுங்கள். அதன்மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்துதான் தொடக்கம், மற்றவை எல்லாம் அதன் அளவுக்கு வர வேண்டும். டிரைவ் லிங்க் 72 இருக்கிற செயினில் வெட்டுப் பல் 36, பக்கத்துக்கு 18. புள்ளி வைக்காவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்று மறந்து இரண்டாவது சுற்று போய்விடுவீர்கள்.

செயின் பிரேக்கைப் போடுங்கள். பாரின் நடுப்பகுதியில் இருக்கிற பற்களை மட்டும் ராவிவிட்டு, பிரேக்கை விடுவித்து, செயினைக் கையால் நகர்த்தி, மறுபடி பிரேக் போட்டு அடுத்த பற்கள். மூக்குப் பக்கம் வளைவில் வைத்து ராவினால் தகடு சரியாக உட்காராது.

இப்போது அரம். எப்போதும் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ளுங்கள். அதாவது இடப்பக்கப் பற்களுக்கு நீங்கள் வலப்பக்கம் நிற்க வேண்டும். தகட்டின் கோடு செயினுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். அரம் தரைக்குச் சமமாகப் போக வேண்டும், மேலே கீழே ஊஞ்சலாடக் கூடாது. சில செயின்களுக்கு 10 டிகிரி கீழ்ச்சாய்வு கேட்பார்கள். அட்டையில் இரண்டாவது எண்ணாக அது இருந்தால் மட்டும் சாயுங்கள். அரத்தைப் பல்லின் முகத்தோடு சேர்த்து, பின்பக்கமாக அழுத்தி, ஒரே சீராக, அரத்தின் முழு நீளத்துக்கும் தள்ளுங்கள். திரும்ப வரும்போது பல்லைத் தொடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் கூர்தான் போகும்.

சரியாகப் போகிறதென்றால் கையே சொல்லும். முதல் தள்ளில் சொரசொரப்பாக, இடறுகிற மாதிரி இருக்கும். மூன்றாவது தள்ளில் ஒரே இழைவாக, "சர்" என்று ஒரு சத்தம். அப்போது பல்லின் உள்முகம் முழுதும் புதிதாகப் பளபளக்கும். வெள்ளைக் கோடு மறைந்திருக்கும். சாதாரண மழுங்கலுக்கு மூன்று முதல் ஐந்து தள்ளு போதும். முதல் பல்லுக்கு நான்கு என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாப் பல்லுக்கும் நான்கு. வாய்விட்டு எண்ணுங்கள்.

கல்லிலோ ஆணியிலோ பட்ட செயின் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது, உண்மையில் கூரைத் தாங்குவது அதுதான். அடிபட்ட இடத்தில் அந்தப் பூச்சு உரிந்திருக்கும். உரிந்த பகுதி முழுதும் போகிறவரை பின்னால் ராவ வேண்டும். விளிம்பு கூராகத் தெரிகிறதே என்று பாதியில் விட்டால் அரைமணி நேரத்தில் மறுபடி மழுங்கும்.

ஒரு பக்கம் முடிந்ததும் மிஷினைத் திருப்பி, மறுபக்கம் நின்று அதே வேலை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கம் தள்ளுவது இயல்பாக வரும், அந்தப் பக்கப் பற்கள் அதிகம் தேயும். மறுபக்கம் கை தயங்கும். நாலைந்து தடவை அரம் போட்டதும் வெர்னியர் காலிப்பரால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லின் மேல்தகட்டு நீளத்தை அளந்து பாருங்கள். எனக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. நீளமாக நிற்கிற பக்கத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு தள்ளு கூட்டிக்கூட்டிச் சரிக்கட்டினேன்.

டெப்த் கேஜை மறக்காதீர்கள்

மேல்தகடு பின்னோக்கித் தாழ்வாகச் சரிந்திருக்கும். அதனால் பல்லை ராவ ராவ அதன் நுனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. முன்னால் நிற்கிற மொட்டு அதே உயரத்தில் இருக்கும். ஒரு கட்டத்தில் பல் சவரக்கத்திபோல இருந்தும் மரத்தைத் தொடாது. "நல்லாத்தான் அரம் போட்டேன், ஆனா அறுக்கல" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நாலைந்து அரத்துக்கு ஒருமுறை டெப்த் கேஜ் அளவையைச் செயின்மேல் வையுங்கள். அதன் இடுக்கு வழியாக மொட்டு மேலே தலைகாட்டினால், காட்டுகிற அளவைத் தட்டை அரத்தால் சமமாக ராவுங்கள். ஒன்றிரண்டு தள்ளுதான். அப்புறம் அளவையை எடுத்துவிட்டு மொட்டின் முன்மூலையைப் பழையபடி உருட்டிவிடுங்கள். மூலை கூராக நின்றால் மரத்தில் இடறும்.

கண் மதிப்பில் இதை ராவ வேண்டாம். அதிகம் தாழ்த்தினால் பல் ஒரே நேரத்தில் நிறைய மரத்தைக் கவ்வும். மிஷின் உதறும், பாரின் மூக்கு எதிலாவது பட்டால் உங்கள் முகத்தை நோக்கி எகிறி அடிக்கும் ஆபத்து கூடும். ராவி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

அறுத்துப் பாருங்கள்

செயினைத் துடைத்து, இறுக்கத்தை வழக்கமான அளவுக்குத் தளர்த்தி, எண்ணெய் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு நல்ல கட்டையில் வையுங்கள். நீங்கள் அழுத்தக் கூடாது, மிஷினின் சொந்தக் கனத்தில் இறங்க வேண்டும். காலடியில் விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். சதுரமாக, தடிமனாகச் சீவல் வந்தால் வேலை சரி. மாவாக வந்தால் ஏதோ பல்லில் இன்னும் வெள்ளைக் கோடு இருக்கிறது.

அறுப்பு இடப்பக்கம் வளைந்தால் வலப்பக்கப் பற்கள் மழுங்கியோ குட்டையாகவோ இருக்கின்றன. கூரான பக்கம்தான் இழுத்துக்கொண்டு போகும். அந்த வலப்பக்கத்துக்கு ஓரிரு தள்ளு கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் இடப்பக்கத்தை அதன் அளவுக்கு ராவிக் கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் சமம்தான் என்று அளந்து தெரிந்த பிறகும் வளைந்தால் குற்றம் செயினில் இல்லை. பாரின் இரண்டு விளிம்பில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருக்கும். பாரைச் சமதளத்தில் விளிம்பு படும்படி நிறுத்திப் பாருங்கள், நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அதுதான். இனிமேல் செயின் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பாரைக் கவிழ்த்துப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

இப்போதெல்லாம் நான் பெட்ரோல் ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும், என்ஜின் ஆறுகிற நேரத்தில், பல்லுக்கு இரண்டு தள்ளு போட்டுவிடுகிறேன். பத்து நிமிஷம்கூட ஆவதில்லை. முழுக்க மழுங்கவிட்டு ஒரே நாளில் பதினைந்து தள்ளு போடுவதைவிட இதில் செயினும் அதிக நாள் வருகிறது. பல்லின் மேல்தகடு அந்தச் சாய்வுக் கோடுவரை வந்துவிட்டாலோ, எந்தப் பல்லிலாவது மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அந்தச் செயினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் அரங்களைக் கம்பி பிரஷால் தட்டிச் சுத்தம் செய்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.